ரொனால்ட் ரோஸ்: காய்ச்சலைக் குடலில் தேடிய மனிதர்

கடந்த மாசி மாதம் என் தங்கச்சியின் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மயிலிட்டியில் இப்போது காய்ச்சல் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டெங்குதான். முதல்நாள் பரசிற்றமோல். இரண்டாம்நாள் இரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று முடிவு வந்தது, ஆனால் குருதிச் சிறுதட்டு குறைந்திருந்தபடியால் மூன்றாம்நாளும் அதையே பார்த்தார்கள். நாலாம்நாள் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. உடம்பு நடுங்கியது, தலை வெடித்தது, பிறகு வியர்த்து அடங்கியது. தனியார் வைத்தியசாலை ஒன்றில் அவனைப் பார்த்தவர் வீட்டு நிலைமையை விசாரித்தார். தங்கச்சி அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் கட்டிய காசு, மேற்கு ஆபிரிக்காவில் எட்டு மாதம் மாட்டுப்பட்டது, திருப்பி அனுப்பப்பட்டு வந்து இன்னும் இரண்டு கிழமைகூட ஆகாதது. கேட்டவர் தலையாட்டினார். யோசனை கூடினால் உடம்பு இப்படித்தான் காட்டும் என்று சொல்லி, நித்திரைக்கு ஒரு குளிசையும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சின்னம்மா நிலவேம்பை அவித்து மூன்று வேளையும் கொடுத்துக்கொண்டிருந்தா.

ஆறாம்நாள்தான் எனக்குப் பொறி தட்டியது. தங்கச்சி சொன்ன கதையில் மேற்கு ஆபிரிக்கா என்ற சொல் இருந்தது. அது எல்லோர் காதிலும் விழுந்தும் எல்லோரும் அதைக் கடனோடு சேர்த்தே கேட்டோம். நானும்தான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். 1997இல் மல்லாவியில் குலைப்பன் காய்ச்சலில் கிடந்து எழும்பியவனும் நான்தான். அன்று பின்னேரம் அரச வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோய் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு மணித்தியாலத்தில் முடிவு வந்தது. பல்சிப்பாரம் என்ற, ஆளைக் கொல்லக்கூடிய வகை. இன்னும் இரண்டுநாள் பிந்தியிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கலாம் என்றார்கள்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஆறு நாட்கள் என்னை விடவில்லை. யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் ஏன் பார்க்காமல் போகிறார்கள் என்ற கேள்விதான் நின்றது. அதற்குப் பிறகுதான் ரொனால்ட் ரோஸின் வாழ்க்கையைத் தேடித்தேடி வாசித்தேன். வகுப்பில் அவரைப் பற்றி நான் சொன்னது இரண்டு வரி: மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று 1897இல் கண்டுபிடித்தவர், 1902இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த இரண்டு வரிக்கு முன்னால் இருந்த பிழைகளை நான் ஒருநாளும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

ரோஸ் பிறந்தது இமயமலை அடிவாரத்து அல்மோராவில், 1857 மே 13இல். மீரட்டில் சிப்பாய்கள் எழுந்து மூன்றாம்நாள். தகப்பன் பிரித்தானிய இந்தியப் படையின் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெடியனுக்குப் படம் கீறவும் கவிதை எழுதவும் இசையமைக்கவும்தான் விருப்பம். தகப்பனோ வைத்தியம் படிக்க வேண்டும் என்று நின்றார். எங்கள் ஊரில் நடக்காத கதையா இது? லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் சேர்ந்தார், அரை மனதோடு படித்தார். ஒரு பரீட்சையில் தேறி மற்றதில் தவறினார். தகப்பன் காசு அனுப்புவதை நிறுத்திவிடுவார் என்ற பயத்தில் அத்திலாந்திக் கடலில் ஓடிய கப்பல்களில் வைத்தியராக வேலை செய்தார். பிறகு மறுபடி எழுதித் தேறி, 1881இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார்.

படிக்கும் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. எசெக்ஸ் சதுப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையிடி, உடம்பு உளைவு, விட்டுவிட்டுக் காய்ச்சல். இங்கிலாந்தில் அக்காலத்தில் மலேரியா அருகிப்போய்விட்டது. ஆனால் ரோஸ் அதை மலேரியா என்று சந்தேகித்தார். சரியாகவே சந்தேகித்தார். அந்தச் சந்தேகத்தில் ஊன்றி அவர் கேட்ட கேள்விகளில் அந்தப் பெண் பயந்துபோய்த் திரும்பி வரவே இல்லை. நோயை அறிந்தவர் நோயாளியை இழந்துவிட்டார்.

இந்தியாவில் அவரை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். பட்டாளத்து வைத்தியருக்கு அந்நாளில் வேலை குறைவு, பொழுது அதிகம். ரோஸ் குதிரை ஓடினார், வேட்டையாடினார், கணக்குப் படித்தார், நாவல் எழுதினார். விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று மாறி மாறிப் போனார். 1883இல் பெங்களூரில் அவருக்குக் கொடுத்த பங்களாவில் நுளம்புத் தொல்லை தாங்கமுடியவில்லை. எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், யன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி நிறையக் குடம்பிகள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், நுளம்பு குறைந்தது. மற்ற வீடுகளிலும் இதைச் செய்யலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கைக் குழப்பக் கூடாது என்ற பாணியில் மறுப்பு வந்தது. அந்தத் தொட்டியில்தான் அவருடைய முழு வாழ்க்கையும் இருந்தது என்று இன்று சொல்லலாம். அன்று அவர் அதை வெறும் கடித் தொல்லையாகவே எண்ணினார். நுளம்பையும் காய்ச்சலையும் ஒன்றாக முடிச்சுப்போட அவருக்குப் பதினொரு வருடம் தேவைப்பட்டது.

அந்தப் பதினொரு வருடத்துக்குள் அவர் போட்ட முடிச்சு வேறு.

1880 நவம்பரில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படை வைத்தியர் லவரன், காய்ச்சல்காரரின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பிலிருந்து எழும்பும் ஆவியே நோயைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகளாக நம்பி வந்தார்கள். லவரன் அதை உடைத்தார். ரோஸும் நுணுக்குக்காட்டியை எடுத்து இந்திய நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தனக்குத் தெரியாததால் அது இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1893 அளவில் மருத்துவச் சஞ்சிகைகளில் அவர் எழுதிய கட்டுரைகளைப் பார்த்தால், லவரன் பிழை என்று வாதாடுகிறார். மலேரியா எனப்படும் காய்ச்சல்களில் பல குடலில் உண்டாகும் நஞ்சால் வருபவை என்று விளக்குகிறார். மலச்சிக்கல், வயிற்று நோவு, குடல் அழற்சி, அதிலிருந்து உடம்பு தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ளுதல். இதுதான் அவருடைய கொள்கை.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாளில் மலேரியாவுக்காகவே நோபல் பரிசு வாங்கப்போகிறவர், மலேரியாக்காரரின் வயிற்றை அமத்திப் பார்த்து மலச்சிக்கல் என்று எழுதியிருக்கிறார். அவர் மூடர் இல்லை, சோம்பேறியும் இல்லை. கவனமாகப் பார்த்தே பிழைவிட்டார். கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தால், அது நோயாளியைவிடப் பெரிதாகிவிடுகிறது. என் மருமகன் விசயத்தில் எங்களிடம் தயாராக இருந்த விளக்கங்கள் இரண்டு. ஒன்று டெங்கு, மற்றது கடன்.

1894இல் விடுமுறையில் லண்டன் போன ரோஸ் பற்றிக் மான்சனைச் சந்தித்தார். மான்சன் சீனாவில் நீண்டகாலம் வேலைசெய்தவர். யானைக்கால் நோயின் புழு நுளம்பின் உடலில் வளர்வதை 1877 அளவிலேயே கண்டவர். அவர் ரோஸின் வாதத்துக்குப் பதில் சொல்லவில்லை, ஓர் இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டினார். லவரனின் ஒட்டுண்ணி அங்கே இருந்தது. ரோஸின் குடல் கொள்கை அந்த நிமிடத்தோடு போயிற்று. பலர் தங்கள் கட்டுரைகளைக் காப்பாற்றவே ஆயுளைச் செலவழிப்பார்கள். இந்தக் கோபக்கார மனிதர் அன்றைக்கு அதைச் செய்யவில்லை என்பதுதான் அவரிடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

நுளம்புக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மான்சன் சொன்னார். அந்த எண்ணத்தோடு 1895இல் ரோஸ் செகந்தராபாத் வந்தார். ஆனால் குருவிடமும் ஒரு பிழை இருந்தது. நுளம்பு ஒருமுறைதான் இரத்தம் குடித்து, முட்டையிட்டுத் தண்ணீரில் செத்துப்போகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று மான்சன் நினைத்தார். ரோஸ் அதையும் சோதித்தார். நுளம்பு செத்துக் கிடந்த தண்ணீரை லட்சுமணன் என்ற தூளி சுமக்கும் தொழிலாளிக்குக் குடிக்கக் கொடுத்தார். பதினொராம்நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ரோஸுக்குப் பெரிய சந்தோசம். வேறு ஆட்களுக்கும் கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. லட்சுமணனுக்கு வந்தது ஏதோ வேறு காய்ச்சலாக இருந்திருக்கும். தண்ணீர் வழியும் பிழையாயிற்று. காசுக்காக இந்தப் பரிசோதனைகளுக்கு உடன்பட்ட ஏழைகளைப் பற்றி அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது.

மூன்றாவது பிழைதான் மிக நீண்டது. அவர் நோயாளிகளைக் கடிக்கவிட்டு வெட்டிப் பார்த்த நுளம்புகள் எல்லாம் சாம்பல் நிறமும் வரிவரியுமானவை. அந்த வரி நுளம்பு, இன்று எங்களுக்கு டெங்கைத் தரும் ஈடிஸ். மலேரியாவின் ஒட்டுண்ணி அதற்குள் வளராது. இரண்டு வருடமாக நூற்றுக்கணக்கான நுளம்புகளைக் கீறிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. டெங்கு நுளம்பையே பார்த்துக்கொண்டிருந்து மலேரியா நுளம்பைத் தவறவிட்டவர் முதன்முதலில் ரொனால்ட் ரோஸ்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1897 ஏப்ரலில் அவர் ஊட்டிக்குப் போனார். மலையில் சும்மா இருக்கவில்லை, காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர்ப் பள்ளத்துக்கு இறங்கினார். யன்னல்களை மூடி வலைக்குள் படுத்தும் சில நாட்களில் அவருக்கே மலேரியா பிடித்தது. குயினைன் குடித்து எழும்பினார். அந்தப் பக்கத்தில் சிறகில் புள்ளிகள் உள்ள, சுவரில் வாற்புறத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கும் ஒரு நுளம்பையும் கவனித்திருந்தார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் செகந்தராபாத்தில் அவருடைய உதவியாள் ஒருவர் ஒரு போத்தலில் குடம்பிகளைக் கொண்டுவந்தார். அவை பொரித்தபோது சிறகில் புள்ளிகள் இருந்தன. உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டார்கள். ஒரு நுளம்புக்கு ஓர் அணா, எட்டு நுளம்புக்கு எட்டணா. அந்த ஓகஸ்ட் புழுக்கத்தில் காற்றாடி போடவும் முடியாது, போட்டால் நுளம்பு பறந்துவிடும். நெற்றியிலிருந்து வடிந்த வியர்வையில் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன, கடைசிக் கண்ணாடியும் வெடித்திருந்தது. 20ஆம் திகதி மத்தியானம், இன்னும் இரண்டே நுளம்புகள் மீதி. களைத்துப் போய் ஒன்றைக் கீறினார். இரைப்பைச் சுவரில் வட்டமான ஒரு கலம் தெரிந்தது. அதற்குள் கரும்புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய அதே கரும்புள்ளிகள். மறுநாள் கடைசி நுளம்பைக் கீறினார், அதில் அவை இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. அந்த 20ஆம் திகதியைத்தான் இப்போது உலக நுளம்பு தினம் என்று கொண்டாடுகிறோம். எங்கள் பாடசாலைகளில் அன்று வளவு கூட்டிச் சிரட்டை பொறுக்குவோம்.

இங்கே கதை முடிந்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். அடுத்த மாதமே அவரை ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே மலேரியாவே கிடையாது. கண்டுபிடித்த மனிதர் நோயாளி இல்லாத ஊரில் மாதக்கணக்காய் இருந்தார், சேவையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். மான்சன் லண்டனிலிருந்து விடாமல் எழுதி எழுதித்தான் 1898 பெப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது.

கல்கத்தாவிலோ வேறு பிரச்சினை. அப்போது நகரம் முழுவதும் பிளேக் பயம். தடுப்பூசி போட்டுக் கொல்கிறார்கள் என்ற கதை பரவியிருந்தது. விரலில் குத்தி இரத்தம் எடுக்க வந்தால் ஆட்கள் ஓடினார்கள். மனிதர் கிடைக்காததால் ரோஸ் குருவிகளிடம் போனார். பறவைகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் நுளம்பும் குருவியும் பிடித்துக் கொடுத்தார். கிசோரி மோகன் பந்தோபாத்யாய் என்ற வங்காளி இளைஞரும் ஆய்வுகூடத்தில் கூட நின்றார். 1898 யூலையில் ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்ச் சேர்வதைக் கண்டார்கள். நோயுள்ள நுளம்புகள் கடித்த நல்ல குருவிகளுக்கு நோய் வந்தது. கெட்ட காற்றோ தண்ணீரோ குடலோ காரணம் இல்லை என்பதும், நோய் போவது நுளம்பின் கடியால்தான் என்பதும் அந்தக் குருவிகளால்தான் உறுதியாயிற்று. அந்த உதவியாளர்களின் பெயர்களை நான் முப்பது வருடத்தில் ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை.

அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியில் கிராசியும் கூட்டாளிகளும் மனித மலேரியாவை அனோபிலிஸ் நுளம்பு பரப்புவதை நிரூபித்தார்கள். அன்று தொடங்கிய சண்டை ரோஸ் சாகும்வரை ஓயவில்லை. யார் முதல், யார் களவெடுத்தார் என்று எழுதிக் குவித்தார். 1902இல் நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தபிறகும் கோபம் தணியவில்லை. தன்னை உருவாக்கிய மான்சன்மீதே 1912இல், ஒரு கடிதத்தில் எழுதிய வரிகளுக்காக வழக்குப் போட்டார். தனக்கு அரசு பணப்பரிசு தரவேண்டும் என்று மனுக் கொடுத்தார். கடைசிக்காலத்தில் காசு போதாமல் தன் கடிதங்களையும் குறிப்புகளையும் விலைக்கு விட்டார். 1914இல் பெரிய போர் தொடங்கிச் சில வாரங்களில் மூத்த மகன் லு கத்தோ சண்டையில் செத்துப்போனான். மனைவி 1931இல் போனார், அடுத்த ஆண்டு செப்டெம்பர் 16இல் அவரும்.

அந்தச் சண்டைகளில் செலவழித்த நேரத்துக்குள்ளும் அவர் ஒரு பெரிய வேலை செய்தார், அது பாடப்புத்தகத்தில் இல்லை. சியரா லியோன், சுயஸ் கால்வாய்க் கரை இஸ்மாயிலியா, மொரீசியஸ் என்று போய், தேங்கிய தண்ணீரை இல்லாமல் செய்வதுதான் வழி என்று நின்றார். குயினைனால் எல்லோரையும் சுகப்படுத்திவிட்டால் போதும் என்று ஜேர்மனியின் கொக் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நுளம்பை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அற்றுப்போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சின்ன வயதில் பட்டாளத்தில் பொழுதுபோக்குக்குப் படித்த கணக்கு அங்கே வந்து உதவியது. கொவிட் காலத்தில் தொலைக்காட்சியில் தொற்றின் எண் என்று சொன்னார்களே, அந்தக் கணக்கு வழி ரோஸிடமிருந்தும் வருகிறது.

மருந்துப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சின்னம்மா இதை யாராவது வாசித்துக் காட்டக் கேட்பா. குயினைன் ஒரு மரப்பட்டை. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில் வளரும் சிங்கோனா. 1820இல் பிரான்சில் பெலத்தியேயும் கவந்துவும் அந்தப் பட்டையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எங்கள் நாட்டில் 1861இல் ஹக்கலையில் சிங்கோனாக் கன்று வைத்தார்கள். கோப்பிச் செடியில் நோய் விழுந்த காலத்தில் மலையகத் தோட்டக்காரர் எல்லோரும் சிங்கோனாவுக்குப் பாய்ந்து, பட்டை குவிந்து விலை விழுந்தது. பிறகுதான் தேயிலை. என் மருமகனைக் காப்பாற்றிய மருந்தும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனத்து ஆர்ட்டிமீசியா, அங்கே பழைய வைத்திய நூல்களில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட இலை. அதைச் சுடவைத்தால் சத்துக் கெடும் என்று கண்டு வேறு விதமாகப் பிரித்தெடுத்த தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் கிடைத்தது.

ஆகவே செடி மருந்து என்று நான் ஏளனம் செய்யப்போவதில்லை. நிலவேம்பு கசக்கும், குயினைனும் கசக்கும். ஆனால் கசப்பு மட்டும் போதாது. எது எந்த ஒட்டுண்ணியை எந்த அளவில் கொல்லும் என்று அளந்து பார்த்தவைதான் சிங்கோனாவும் ஆர்ட்டிமீசியாவும். நிலவேம்புக் குடிநீர் பல்சிப்பாரத்துக்கு மருந்தாகாது. சின்னம்மா கொடுத்ததில் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, அன்றன்று கொஞ்சம் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியபோது மருந்து கேட்கிறது என்று நாங்கள் நம்பியதுதான் கெடுதல். மலேரியாக் காய்ச்சல் மருந்து இல்லாமலே இறங்கி ஏறும்.

யோசனைக் காய்ச்சல் என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. நான் வீட்டிலேயே பார்த்தேன். 1990 ஆனியில் மயிலிட்டியை விட்டு ஓடிவந்து, மல்லாகம் பக்கத்தில் ஒரு நலன்புரி நிலையத்தில் இருந்தோம். ஐயா கடற்றொழிலாளி. பின்னேரமானால் உடம்பு நடுங்கும், போர்த்துக்கொண்டு படுப்பார், தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். மூன்று தரம் மலேரியா என்று சொல்லிக் குளோரோகுயின் கொடுத்தார்கள். மூன்று தரமும் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்தால் சூடும் இருக்காது. கடைசியில் ஒரு வயதான பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து தராமல், கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நாவாந்துறையில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வலை பொத்திக்கொண்டு இருந்தார். நடுக்கம் குறைந்தது, முற்றாகப் போகவில்லை. பின்னேரம் தொழிலுக்கு இறங்கும் நேரத்தில்தான் அவருக்கு அது வந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது பார்க்க அவர் இல்லை.

ஐயாவுக்கு மனத்தாக்கத்தை மலேரியா என்றார்கள், மருமகனுக்கு மலேரியாவை மனத்தாக்கம் என்றார்கள். எனக்கு நடந்தது மூன்றாவது வகை. மல்லாவியில் சுகமாகி யாழ்ப்பாணம் திரும்பி வந்து ஏழு மாதத்தில் மறுபடி குலைப்பன். இங்கே பார்த்தவர் வைரஸ் காய்ச்சல் என்றார். வைவக்ஸ் என்ற வகை ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும். பிரைமாகுயினைப் பதினாலுநாள் குடித்து முடித்திருக்க வேண்டும். நான் ஐந்தாம்நாள் நிறுத்திவிட்டேன். அது என் பிழை, வேறு யாரையும் சொல்ல முடியாது.

இலங்கைக்கு மலேரியா புதிதல்ல. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய காலத்தில் தொடங்கிய கொள்ளைநோயில் அடுத்த ஆண்டுக்குள் எண்பதாயிரம் பேர் வரை செத்தார்கள். ரோஸ் இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் சொன்னது உலகம் முழுக்கத் தெரிந்திருந்தும் பட்டினி கிடந்த உடம்புகளை அது காப்பாற்றவில்லை. 1946இலிருந்து டி.டி.ரி. அடித்து 1963இல் நாடு முழுவதும் பதினேழு நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். வெற்றி என்று நினைத்துக் கைவிட்டோம், 1968இல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வன்னியில் அது எங்களோடு கூடவே இருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு 2016 வரை உள்நாட்டில் பரவியது ஒன்றும் இல்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இன்றைக்கு வேலைக்கு வரும் இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் கண்ணால் கண்டதில்லை. எசெக்ஸ் பெண்ணைப் பார்த்த லண்டன் மாணவர்கள் இருந்த நிலைதான் இது. ஆனால் நுளம்பு போகவில்லை. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ஸ்ரெபென்சி என்ற அனோபிலிஸ் வகை மன்னாரில் காணப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டிருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணறு இல்லாத வளவும் இல்லை.

மருமகனுக்கு மலேரியா என்று தெரிந்த மறுநாளே மலேரியாத் தடை இயக்கத்துக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் விரலில் குத்தினார்கள், அயல் வீடுகளிலும் குத்தினார்கள். சின்னம்மா கையை நீட்டவே மாட்டேன் என்று நின்றா. கல்கத்தாவின் கதையை நான் சொல்ல, சிரித்துக்கொண்டு நீட்டினா. பிறகு ஒரு பெடியன் கிணற்றடிக்குப் போய், கயிற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தான். எங்கள் கிணறு இருபத்தேழு வருடம் யாரும் இறைக்காமல் பற்றைக்குள் கிடந்த கிணறு, திரும்பி வந்த முதல் மாதம் நாங்களே இறங்கித் துப்புரவாக்கியது. தட்டில் குடம்பி ஏதும் நெளிகிறதா என்று தங்கச்சி கேட்டாள். இன்றைக்கு இல்லை, அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வளவுக்குப் போனான்.